கோடி

ஒன்பது வருசம் தருமபுரியில்
நாலு மாடிக் கடையின் இரண்டாம் மாடியில்
நின்றேன்.
சுவரில் சாய்ந்தால் கேமராவில் தெரியும்.
அதனால் என் கடைக்கென்று
நான் வாங்கிய முதல் சாமான்
இரண்டு ஸ்டூல்.
எனக்கொன்று, வருகிறவருக்கொன்று.
துணி அப்புறம்தான்.

பாலக்கோட்டில், தக்காளி மண்டிக்கு எதிர்ச் சந்தில்
எட்டுக்குப் பத்து.
முன்பு ஜெராக்ஸ் கடை.
'வருமானச் சான்று விண்ணப்பம் இங்கே கிடைக்கும்'
சுரண்டிப் பார்த்தேன், சுவர்தான் உதிர்ந்தது.
அதன்மேல் நைட்டிகளை மாட்டினேன்.

குழுக்கடன் அட்வான்சுக்குப் போயிற்று.
பி.எஃப் பணமும் ஒரு ஜோடிக் கம்மலும்
திங்கள் ராத்திரி ஈரோட்டுக்குப் பஸ் ஏறின.
விடிய விடியச் சந்தை.
டியூப்லைட்டில் ஒரு நிறம்,
தெருவுக்குக் கொண்டுவந்தால் வேறு நிறம்.
ஈரக் கைக்குட்டையால் முந்தானையைத் தேய்த்துச்
சாயம் பார்த்தேன்.
'நீங்க கடைக்காரம்மாவா?' என்றான் ஒருவன்.
'ஆமாம்' என்றது
எனக்கே புதிதாய்க் கேட்டது.

பன்னிரண்டு சேலை, முப்பது நைட்டி,
பாவாடை, லெக்கிங்ஸ், பிள்ளைகளுக்குக் கொஞ்சம்.
பழைய விலைக்கு ஒரு பொம்மை.
இடது கை இல்லை,
துப்பட்டாவை அந்தப் பக்கமாய் இழுத்துவிட்டேன்.
நூறு துணிப்பை அடித்தேன்:
நாகவேணி ரெடிமேட்ஸ்,
நன்றி, மீண்டும் வருக.

வியாழக்கிழமை திறப்பு.
பக்கத்து உரக்கடைத் திம்மராயன்
தேங்காய் உடைத்து,
'கோடி கோடியா விக்கணும்மா' என்றார்.
அன்றைக்கு வந்தவர்கள்
கேசரி சாப்பிட்டார்கள்,
விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள்,
பாத்ரூம் எங்கே என்று கேட்டார்கள்.
போணி ஆகவில்லை.

மறுநாள் ஆறேகாலுக்கே ஷட்டரைத் தூக்கினேன்.
மண்டியில் லோடு ஏறும் நேரம்,
யாராவது துண்டாவது கேட்பார்கள் என்று.

வந்தவர் முழங்கையில் தக்காளிச் சாறு காயாமல் இருந்தது.
'கோடி எடுக்கணும்' என்றார்.
'அக்காவுக்கு. மாமா ராத்திரி...'
ஸ்டூலை நகர்த்தினேன்.
உட்கார்ந்தார்.

மேலே தொங்கின எலுமிச்சை,
கற்பூரம் எரிந்த கரி,
முதல் போணி,
எல்லாம் மனசுக்குள் வந்துதான் போயின.
இல்லை என்று சொல்ல
வாய் திறந்திருந்தது.
கை அதற்குள் சேலையை விரித்துவிட்டது.
ஒன்பது வருசப் பழக்கம்.

'வெள்ளை வேணாம்' என்றார்.
'அவளுக்கு முப்பத்தெட்டுதான்.'
மயில்கழுத்து நிறத்தைத் தொட்டார்,
கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார்.
'இத அப்புறம் கட்டுவாளா?'

இதற்கு எந்தப் பயிற்சியிலும்
பதில் சொல்லித் தரவில்லை.
'சாயம் போகாதுண்ணா' என்றேன்.
'எத்தனை மாசம் பெட்டியில கிடந்தாலும்.'

வாங்கியது முந்நூற்றுப் பத்து.
சீட்டில் நானூற்றெண்பது.
பேரம் பேசுவார் என்று காத்திருந்தேன்,
பேசியிருந்தால் குறைப்பது சுலபம்.
அவர் ஐந்நூறாய் நீட்டினார்.
முந்நூற்றைம்பது எடுத்துக்கொண்டேன்.
அந்த நாற்பதையும் விட்டிருக்கலாம்.
விட்டிருந்தால் அது கடை இல்லை.
இன்னும் இதில் எனக்கு முடிவு கிடைக்கவில்லை.

பையில் போடும்போதுதான் பார்த்தேன்:
மீண்டும் வருக.

வெளியே எடுத்தேன்.
பையை உள்புறம் வெளியாகத் திருப்பினேன்.
மெல்லிய துணி,
எழுத்து தலைமாறி லேசாய்த் தெரிந்தது.
அவர் அதைப் பார்க்கவில்லை,
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
லாரிகளுக்கு நடுவே போனார்.

திம்மராயன் எட்டிப் பார்த்தார்.
'போணி ஆச்சாம்மா?'

'ஆச்சுண்ணா.'

'என்ன போச்சு?'

நோட்டில் தேதி போட்டேன்.
சேலை, ஒன்று.
நிறம் எழுதும் பழக்கம் எந்தக் கடையிலும் இல்லை.
எழுதினேன்.